ஜிக்ஜியும் 'முதல்' என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அச்சுக்கலை பற்றிய பேச்சு வந்தாலே 'உலோக எழுத்தில் முதலில் அச்சடித்தவர் குட்டன்பர்க்' என்று எழுதுவது நம் இதழ்களில் வழக்கமாகிவிட்டது. மறுப்பவர்களோ, கொரியாவின் ஜிக்ஜி என்ற பௌத்த நூல்தான் உலகின் முதல் உலோக அச்சு நூல் என்று அடித்துச் சொல்கிறார்கள். இரண்டுமே பிசகு. 1377-இல் அச்சான ஜிக்ஜி, இன்று கைக்குக் கிடைத்திருப்பவற்றுள் பழையது. குட்டன்பர்க் பைபிளுக்குச் சுமார் 78 ஆண்டுகள் மூத்தது. 13-ஆம் நூற்றாண்டிலேயே, அன்று கொரியாவை ஆண்ட கொரியோ அரசில் உலோக எழுத்தால் ஒரு சடங்கு நூலை அச்சிட்டதாகக் குறிப்பு உண்டு, படிதான் மிஞ்சவில்லை.

நூலைத் தொகுத்தவர் பெகுன் என்ற துறவி. அவர் 1374-இல் மறைந்தபின் சீடர்கள் சொக்சானும் தல்தாமும் அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். பொருளுதவி செய்தவர் மியோதொக் என்ற பெண்துறவி. இன்றைய தென் கொரியாவின் சோங்ஜு ஊருக்கு வெளியே ஹுங்தொக் கோயிலில் வார்த்த எழுத்தால் அச்சிட்டது என்று கடைசி ஏட்டிலேயே இருக்கிறது. ஆனால் கோயில் எங்கே இருந்தது என்பது 1985 வரை தெரியாது. உன்சொன்-தோங் பகுதியில் குடியிருப்புக்காக நிலத்தைச் சீர்செய்தபோது, கோயிலின் பெயர் பொறித்த வெண்கலச் சேகண்டி மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 1992-இல் அங்கேயே அச்சு அருங்காட்சியகம் திறந்தார்கள். இன்று அந்த நகர மண்டலத்துக்கே ஹுங்தொக் என்றுதான் பெயர்.

எழுத்து வார்த்த முறையை ஆய்வாளர்கள் இப்படிக் கணிக்கிறார்கள். மெல்லிய தாளில் எழுதி, அதைத் தேன்மெழுகில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குவார்கள். செதுக்கிய எழுத்துகளை மெழுகுத் தண்டில் கிளைகளாகப் பொருத்திக் களிமண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய பள்ளத்தில் வெண்கலக் குழம்பை ஊற்றி, ஆறியதும் களிமண் அச்சை உடைத்து, எழுத்துகளை வெட்டி அரத்தால் ராவுவார்கள். நம் ஊர்ச் சிலை வார்ப்பவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஒரு வார்ப்போடு மெழுகும் களிமண்ணும் போய்விடுவதால் அடுத்த எழுத்துக்கு மறுபடி செதுக்க வேண்டும். அதனால்தான் ஜிக்ஜியில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள்.

மையிலும் சிக்கல் உண்டு. மரப்பலகைக்கு ஒத்துவரும் பைன் கரி மை வெண்கலத்தில் சீராகப் பிடிக்காது. எண்ணெய்ப் புகைக்கரி மைதான் ஒட்டும். அப்படியும் சில எழுத்து கறுத்தும் சில வெளிறியும் விழுந்திருக்கிறது. வரிகள் கோணியிருக்கின்றன, சில எழுத்துகள் தலைகீழாகவே நிற்கின்றன. முழுப் பக்கத்தையும் ஒரே பலகையில் செதுக்கியிருந்தால் இந்தப் பிழைகளுக்கு இடமே இல்லை. தனித்தனி எழுத்தைக் கோத்து அச்சிட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சோங்ஜு போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே மூலப்படி கிடையாது. மிஞ்சியிருப்பது இரண்டாம் பாகம் மட்டும். அதிலும் முதல் ஏடு இல்லை, 38 ஏடுகளே உண்டு. 1911-இல் பாரிஸ் ஏலத்தில் 180 பிராங்குக்கு விலைபோன அந்தப் படி, பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய பாக் பியோங்-சொன் அதை அடையாளம் கண்டதால்தான் 1972-இல் உலகத்தின் கண்ணில் பட்டது. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2001-இல் சேர்ந்த பிறகும், நூலகம் அதைக் காட்சிக்கு எடுப்பது மிக அரிது. 2023-இல் ஒருமுறை பாரிஸிலேயே வைத்தார்கள்.

இப்படிக்கு,
அச்சு வரலாற்று வாசகர்கள்