பாசமலரும் எங்கள் பக்கத்து சீதன வீடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் 'பாசமலர்' பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். 1961 இல் வந்த படத்துக்கு இன்றைக்கும் ஒரு முழுப் பக்கம் எழுத ஆள் இருப்பதே சந்தோஷம். இயக்குனர் பீம்சிங்கின் 'ப' எழுத்தில் தொடங்கும் பட வரிசை, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு, படத்தில் மட்டுமில்லாமல் நிஜத்திலும் புருஷன் பெண்சாதியாக இருந்த ஜெமினியும் சாவித்திரியும், எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார். ஒரு இடத்தில்தான் எனக்கு இடித்தது. படத்தில் தங்கச்சியின் புருஷனான ஆனந்தன், அண்ணன் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் இருந்த அவமானத்தில்தான் அந்தக் குடும்பம் உடைகிறதாம், எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அது பொருந்துமாம். எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும்? மனுசன் மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லைப் போல.

எங்கள் மட்டக்களப்பில் மாப்பிள்ளை என்றாலே வீட்டோடு மாப்பிள்ளைதான். கலியாணம் முடிந்து பெண் எங்கும் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. தாய் தகப்பன் பின்பக்கம் ஒரு சின்னக் குடிலைப் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள், அடுத்த மகள் வளர்ந்தால் அடுத்த வீடு. அம்பாறைக் கரையிலும் இதுதான் வழக்கம், எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்களிடமும் இதுதான். குடி, அதாவது வம்சம், பார்ப்பதும் தாய் வழியில். ஒரு காலத்தில் இங்கே முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்து, அதன்படி மாமனின் முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போனது. இப்படி இருக்க, மாமியார் கொடுமைப் படங்களை எங்கள் பெண்கள் வேற்று நாட்டுக் கதை மாதிரித்தான் பார்ப்பார்கள். மாமியோடு சண்டை பிடிக்க இங்கே மருமகள் பஸ் ஏறிப் போக வேண்டும். (தாயும் மகளும் ஒரே வளவுக்குள் பிடிக்கிற சண்டை வேறு. அதை யாரும் படமாக எடுக்கவில்லை.)

நான் 'பாசமலர்' முதலில் பார்த்தது எண்பதுகளில், பெரியகல்லாற்றில் ஒரு கலியாண வீட்டில். வாடகைக்கு எடுத்த டிவி, டெக், ஜெனரேட்டர், பந்தலுக்குள் பாய், விடிய விடிய மூன்று படம். அண்ணனும் தங்கச்சியும் சாகிற இடம் வரும்போது ஜெனரேட்டர் எண்ணெய் முடிந்து நின்றுவிட்டது. இருட்டில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும். எண்ணெய் தேடிப் பிடித்து ஊற்றி, கயிற்றை இழுத்து இழுத்துக் கிளப்ப அரை மணித்தியாலம் போனது, ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அந்த இருட்டுக்குள் என் மூத்த அண்ணன் சொன்னார்: "அந்த வீட்ட தங்கச்சிட பேருக்கு எழுதிக் குடுத்திட்டு அவர் வெளிய போயிருந்தா, படம் எப்பயோ முடிஞ்சிருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு என்னவோ இன்றுவரை அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விமர்சனம் கிடைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். படத்தில் அண்ணன் ராஜசேகரன் மில்லில் வேலை செய்தவன், வேலை போனபோது தங்கச்சி ராதா சிறுகச் சிறுகச் சேர்த்த காசில்தான் தொழில் தொடங்கிப் பணக்காரன் ஆகிறான். எங்கள் கண்ணுக்கு அந்த வீடே அவளுடையது. படத்தில் ஒரு ஆள் அதைச் சொல்லவில்லை. தங்கச்சியைக் கலியாணம் கட்டிக் கொடுக்கிறான், ஆனால் அவளையும் விடமாட்டான், வீட்டையும் விடமாட்டான், தானும் போகமாட்டான். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு தலை, நடுவில் கொள்ளி வைக்க ஆனந்தனின் அத்தை. மாப்பிள்ளை அங்கே குடியிருந்தது குற்றமில்லை, மச்சானும் கூடவே குடியிருந்ததுதான் குற்றம்.

என் அண்ணன் அடுத்த வருடமே சவூதிக்குப் போனார். அனுப்பின காசில் கல்லும் ஓடுமாக வீடு எழும்பியது, தங்கச்சிக்குக் கலியாணம் முடித்து, நொத்தாரிசிடம் போய் அவள் பேருக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுதின பிறகுதான் தனக்குப் பெண் பார்த்தார். அப்போது வயது முப்பத்தெட்டு, முன்பக்கத்து முடியும் கொட்டிவிட்டது. குருக்கள்மடத்தில் பெண்சாதி வீட்டோடு போய்விட்டார். ஞாயிறுகளில் சைக்கிளில் வருவார், ஹாண்டிலில் மீன் பை தொங்கும். கடப்படியில் காலை ஊன்றி நின்று பெல் அடிப்பார். தான் கட்டின வீடுதான், ஆனாலும் தங்கச்சியின் புருஷன் வெளியே வந்து "வாங்க மச்சான்" என்று சொன்னால்தான் உள்ளே வருவார். ஒருநாள்கூட அதை மாற்றியதில்லை.

2004 சுனாமி அந்த வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. ஆட்கள் தப்பியது பெரிய காரியம். பிறகு புது வீடு கொடுக்க வந்தபோது படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கோடு இருந்தது, வந்த உத்தியோகத்தர் ஒருவரையும் கேட்காமல் மச்சானின் பேரை எழுதிவிட்டார். கரையோரத்தில் பெண்களுடைய எத்தனையோ வீடுகள் அப்போது இப்படித்தான் ஆண்கள் பேருக்கு மாறின. மச்சான் நல்ல மனுசன், அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. அண்ணன் காணிப் பதிவுக் கந்தோரில் பழைய உறுதிக்குப் பிரதி எடுத்துக்கொண்டு மூன்று தரம் அலைந்தார். "புருஷன் பேர்லதானே இருக்கு, உமக்கு என்ன?" என்று கேட்டார்களாம். அதற்கு எப்படி விளங்கப்படுத்துவது? வீடு இன்றைக்கும் மச்சான் பேரில்தான் கிடக்கிறது. ஆனாலும் அண்ணன் கடப்படியில் நின்று பெல் அடிக்கத் தவறுவதில்லை.

உங்கள் கட்டுரையாளர் அடுத்ததாக 'பாகப்பிரிவினை' பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். நல்லது, அதற்கு முன் இந்தப் பக்கம் ஒருதரம் வந்து போகச் சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நானே கூப்பிடுவேன், ஆனால் நான் இருக்கிற வீடு என் பெண்சாதியுடையது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நாள் சொல்லலாம்.

ஒரு வாசகன்,
மட்டக்களப்பு மாவட்டம்