ஒரு போர்டு போதாது, மூன்று செய்யுங்கள்

இராமநாதபுரம் மாவட்டப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், சிறு செயற்கைக்கோள் செய்ய முனைந்துள்ள மாணவர்களுக்கும்,

வணக்கம். பாம்பனில் விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டுகளையும் ஜி.பி.எஸ். கருவிகளையும் பழுதுபார்ப்பவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் என் மேசை நிறையும். மூடியைக் கழற்றினால் ஐ.சி.யின், அதாவது மின்னணுச் சில்லின், கால்களில் கடல் உப்பால் பச்சைக்களிம்பு பூத்திருக்கும். பிரஷால் தேய்த்தால் சில சமயம் களிம்போடு காலும் உதிர்ந்துவிடும். அதே மின்சுற்றுப் போர்டில் பக்கத்திலிருக்கும் மற்றொரு மலிவான ஐ.சி.க்கோ ஒன்றும் ஆகியிருக்காது. எது தாங்கும், எது தாங்காது என்பதைப் பொருளைப் போட்டுப் பார்த்துத்தான் அறிய முடிகிறது.

விண்வெளிக்கென்றே செய்யப்படும் சில்லுகளின் விலை மாணவர்களுக்கு எட்டாது என்பதால், உங்கள் 10 செ.மீ. செயற்கைக்கோள் பெட்டிக்குள்ளும் கடைச் சரக்குதான் இருக்கப்போகிறது. அதைக் குறையென்று மறைக்காமல், அதையே சோதனைப் பொருளாக்குங்கள். 2013 ஏப்ரலில் நாசா கடைக் கைப்பேசிகளையே மூளையாகக் கொண்ட மூன்று சிறு செயற்கைக்கோள்களை ஏவியது. ஒரு வாரத்துக்குள் அவை வளிமண்டலத்தில் எரிந்துபோயின என்றாலும், அதற்குள் தகவல் அனுப்பின.

மேலே உப்பு இல்லை. வேறு எமன்கள் உண்டு. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கொரு சுற்றில் வெயிலும் நிழலும் மாறி மாறி வர, பற்றாசு (சால்டர்) இணைப்புகள் விரிந்து சுருங்கிக் களைத்துப்போகும். விண்வெளியில் விரைந்துவரும் ஒரு கதிர்வீச்சுத் துகள் நினைவகத்தின் ஒரு பிட்டைப் புரட்டி, 0-வை 1 ஆக்கிவிடலாம். சில்லுக்குள்ளேயே மின்னோட்டத்துக்குக் குறுக்குவழி திறந்துவிடவும் செய்யலாம், அப்போது உடனே மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுக்காவிட்டால் சில்லு கருகிவிடும். ஆகவே ஒவ்வொரு சில்லும் இழுக்கும் மின்னோட்டத்தையும், கணினி எத்தனை முறை தானாக மறுதொடக்கம் ஆனது என்பதையும் கோள் நாள்தோறும் கீழே சொல்ல வேண்டும். வாழ்த்துச் செய்தி ஒலிபரப்பும் கோளைவிட இந்த எண்களை அனுப்பும் கோளே எனக்குப் பெரிது. (கலாம் படம் போட்ட செயற்கைக்கோள் விழா அழைப்பிதழ்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன, விழா முடிந்தபின் தரவு என்று ஒரு தாள்கூட வந்ததில்லை.)

என் வேண்டுகோள் இதுதான்: ஒரே தொகுதியில் வாங்கிய சில்லுகளைக் கொண்டு ஒரே மாதிரி மூன்று போர்டுகள் செய்யுங்கள். ஒன்று விண்ணுக்கு, ஒன்று கல்லூரியின் உலர்ந்த அறைக்கு, ஒன்று பாம்பன் கடற்காற்றுக்கு. அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தனிக்கோள் கட்டப் பணமில்லையெனில், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தையே சோதனை மேடையாக்கி இஸ்ரோ 2022 முதல் இயக்கும் 'போயம்' இருக்கிறது. போர்டை மட்டும் அதில் ஏற்ற இடம் கேட்கலாம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளமும் நம் கரைக்குத் தெற்கேதான் வருகிறது. எந்தச் சில்லு எந்த நாளில் செத்தது என்பதை, தோல்வியென்று கூசாமல், தமிழிலும் வெளியிடுங்கள். என் போன்றவர்களுக்குச் சில்லு வாங்கும்போது உதவும்.

மூன்றாவது போர்டை என் கடைக் கூரையிலேயே கட்டிக்கொள்ளலாம். மின்சாரம் நான் தருகிறேன். ஏப்ரல் 15-க்கு முன் கொண்டுவாருங்கள். அதன்பின் மேசையில் இடமிருக்காது.

இப்படிக்கு,
பாம்பன் வயர்லெஸ் பழுதுநீக்குநர் ஒருவர்