வேவு விமானிகளின் உடல்நலம் பற்றிய கண்காட்சிக்குத் துணைநின்ற சுங்கை சிப்புட் அன்பர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மிக உயரத்தில் பறக்கும் இராணுவ வேவு விமானங்களை ஓட்டுவோரின் உயிருக்கும் உடலுக்கும் நேரும் இடர்களைப் பற்றி, எங்கள் வாசகர் வட்டம் சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் நடத்திய கண்காட்சியும் உரையரங்கும் நல்லபடியாக நடந்தேற உதவிய அனைவருக்கும் இம்மடலின் வழி நன்றி கூறுகிறோம். செம்பனைக்கும் கித்தா (ரப்பர்) மரங்களுக்கும் நடுவே வாழும் ஊருக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று தொடக்கத்திலேயே கேட்டவர்களுக்கும் அந்த நன்றியில் பங்குண்டு. அவர்களுக்கு விடை சொல்லத் தேடியதில்தான் கண்காட்சியின் முதற்பகுதி உருவாயிற்று.

அந்த விடையை எங்களுக்குத் தந்தவர்கள் இவ்வூர்ப் பெரியவர்களே. 1948 ஜூன் 16 அன்று நம் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும், பின்னர் பல ஆண்டுகள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்கள் மறைந்திருந்த காட்டுக்கு மேலே விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்ததையும், அவை வீசிய துண்டறிக்கைகளைச் சிறுவர்கள் பொறுக்கியதையும் அவர்கள் நேரில் கண்டவர்களாக எடுத்துரைத்தார்கள். அன்று காட்டைப் படம் பிடித்தவற்றுள் பிரிட்டிஷ் ஆகாயப் படையின் 81ஆவது அணியின் ஸ்பிட்ஃபயர்களும் இருந்தன. அந்த வகை விமானம் பிரிட்டிஷ் படைக்காகச் சென்ற கடைசிப் பணிப் பறப்பு, 1954 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூரின் செலேத்தாரிலிருந்து கிளம்பி ஜொகூர்க் காட்டைப் படமெடுத்ததுதான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1952 பிப்ரவரி 5 அன்று, இதே அணியைச் சேர்ந்த டெட் பவுல்ஸ் என்னும் விமானி ஹாங்காங்கிலிருந்து வானிலை அளக்கப் புறப்பட்டு 51,000 அடிக்கும் மேலே ஏறியதாகப் பதிவாகியுள்ளது. அங்கே விமானி அறையின் காற்றழுத்தம் குறைந்தது. விரைந்து கீழிறங்க முயன்றபோது விமானம் கட்டுக்கடங்காமல் தலைகுப்புறப் பாய்ந்தது. 3,000 அடிக்கும் கீழே வந்த பிறகே அவரால் அதை நிமிர்த்த முடிந்தது. எதிரி எவரும் இல்லாத வானத்தில், காற்று குறைந்ததால் மட்டுமே ஒருவர் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். அன்று மாலை பேசிய ஒவ்வொருவரும் வெவ்வேறு வழியில் சொன்னது இதைத்தான்.

பட்டர்வொர்த் விமானத் தளத்தின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா அவர்கள், 1955இல் முதன்முதலாகப் பறந்து இன்றளவும் பேசப்படும் யு-2 என்னும் அமெரிக்க வேவு விமானத்தின் இயல்பைப் படம் வரைந்து விளக்கினார். 70,000 அடிக்கு மேலே காற்று அவ்வளவு மெலிந்திருப்பதால், சற்று வேகம் குறைந்தால் விமானம் தாங்குவிசையை இழந்து விழும், சற்று வேகம் கூடினால் அதிர்ந்து உடையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேக இடைவெளி சில வேளைகளில் மணிக்குப் பத்து கடல்மைலுக்கும் குறைவு. விமானிகள் இதனைச் சவப்பெட்டி மூலை என்று அழைக்கிறார்கள். தரையிறங்கும்போதும் நிம்மதி இல்லை. தலைக்கவசத்தாலும் நீண்ட மூக்காலும் ஓடுபாதை சரியாகத் தெரியாத விமானிக்கு, பின்னாலேயே காரில் விரைந்து வரும் இன்னொரு யு-2 விமானி, சக்கரம் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதை வானொலியில் சொல்லிக்கொண்டே வருகிறார். எதிரி சுட்டு வீழ்த்திய யு-2 விமானங்களைவிட விபத்தில் அழிந்தவையே மிகுதி என்ற செய்தியையும் ஐயாதான் தந்தார். எங்கள் கேள்விகள் பல சிறுபிள்ளைத்தனமாக இருந்தும் அவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

படிவம் ஆறு மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியை, ஊசியில்லாத மருந்துக் குழலில் பாதியளவு வெந்நீரை உறிஞ்சி, வாயை விரலால் அடைத்து, உந்துதண்டை வெளியே இழுத்தார். நீர் குமிழியிட்டுக் கொதித்தது. அழுத்தம் குறையக் குறைய நீரின் கொதிநிலையும் தாழும் என்பதை இதைவிட எளிதாக எவராலும் காட்டியிருக்க முடியாது. ஏறத்தாழ 63,000 அடியில் மனித உடலின் 37 டிகிரிச் சூடே நீர் கொதிக்கப் போதுமானதாகிவிடும். விமான மருத்துவ முன்னோடியான ஹேரி ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயரால் வழங்கும் அந்த எல்லைக்கு மேலே உடலைக் காப்பது விமானி அறையும், அது தோற்றால் ஊதிப் பெருத்து உடலை இறுக்கிக்கொள்ளும் அழுத்த உடையுமே. இரத்தக் குழாய்க்குள் இருக்கும் இரத்தம் உடனே கொதித்துவிடுவதில்லை என்பதையும், வாயிலும் கண்ணிலும் உள்ள ஈரமும் தசைகளில் உள்ள நீருமே முதலில் ஆவியாகின்றன என்பதையும் அவர் கவனமாக எடுத்துச் சொன்னார். 1960 ஆகஸ்ட் 16 அன்று 1,02,800 அடி உயரத்துப் பலூனிலிருந்து குதித்த ஜோசப் கிட்டிங்கரின் வலக் கையுறையில் அழுத்தம் ஏறாமற் போனதால் அந்தக் கை இருமடங்காக வீங்கியது என்ற செய்தி மாணவர்களை நெடுநேரம் பேசவைத்தது.

தோட்ட மருத்துவமனையில் நெடுங்காலம் டிரெஸராக இருந்து நம்மில் பாதிப்பேருக்குக் காயம் கட்டிய பெரியவருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்பதையும், அது இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து கிடக்கிறது என்பதையும் கூறிவிட்டு, அவர் ஒரு சோடாப் புட்டியை எடுத்துத் திறந்தார். அழுத்தம் நீங்கியதும் கரைந்திருந்த வாயு குமிழாகப் பொங்குவதை எல்லாரும் பார்த்தோம். அக்குமிழ்கள் மூட்டில் தங்கினால் தாங்க முடியாத வலி. முதுகுத் தண்டில் தங்கினால் மரத்துப்போதல். மூளையை எட்டினால் குழப்பம், பார்வைக் கோளாறு, எங்கிருக்கிறோம் என்றே தெரியாத நிலை. இதைத் தடுக்கத்தான் யு-2 விமானிகள் புறப்படுவதற்கு முன் ஒரு மணி நேரம் தூய ஆக்சிஜனை மட்டும் சுவாசித்து, உடலிலுள்ள நைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள்.

அவ்வளவு செய்தும் அது போதவில்லை. பல பத்தாண்டுகளாக யு-2 விமானி அறையின் அழுத்தம் ஏறத்தாழ 29,000 அடி உயரத்துக்கு நிகராக, அதாவது எவரெஸ்ட் உச்சிக்குச் சற்றே கீழாக, இருந்துவந்தது. 1997 மே 23 அன்று அவ்வுச்சியை அடைந்த நம் நாட்டு மகேந்திரனும் மோகனதாஸும் அதற்காக வாரக்கணக்கில் படிப்படியாக ஏறித் தம் உடலைப் பழக்கினார்கள். வேவு விமானியின் உடல் அதே நிலையை ஒரு மணி நேரத்துக்குள் அடைந்து, பிறகு ஒன்பது மணி, பத்து மணி என அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. விமானங்களைத் திருத்தியமைத்து அறையழுத்தத்தை 15,000 அடிக்கு நிகராக ஆக்கியது அண்மைக் காலத்தில்தான். அதுவும் நம் நாட்டின் மிக உயர்ந்த கினபாலு மலையைவிட உயரமே.

லூமுட்டில் கடலடி வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பி, தமக்கு ஒரு முறை இதே குமிழ் நோய் வந்ததையும் உயர் அழுத்த அறைக்குள் பல மணி நேரம் வைத்துக் குணப்படுத்தப்பட்டதையும் கூச்சமில்லாமல் பகிர்ந்துகொண்டார். ஆழத்திலிருந்து விரைந்து மேலே வருபவருக்கும் தரையிலிருந்து வானத்துக்குப் போகிறவருக்கும் நோய் ஒன்றே. ஆனால் முக்குளிப்பவர் மேலே வந்தால் படகில் உதவி உண்டு. எதிரி நாட்டின் மேலே பறப்பவர் திரும்பிவரவே பல மணி நேரம் ஆகும் என்று அவர் சொன்ன வேறுபாட்டை நாங்கள் எவரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

கண்காட்சியில் நான் மிக முக்கியம் என்று கருதிய பலகை, வருத்தத்துக்குரிய வகையில், கூட்டம் குறைவாக நின்ற பலகையாகவும் இருந்தது. (விமானப் படங்களின் முன்னே பையன்கள் விலகவே இல்லை.) 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 102 யு-2 விமானிகளின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்து, விமானிகள் அல்லாத 91 பேரின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் வெண்பகுதியில் காணப்பட்ட சிறு சேதங்கள் விமானிகளிடம் எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்று மடங்காகவும், கன அளவில் ஏறத்தாழ நான்கு மடங்காகவும் இருந்தன. குமிழ் நோயின் அறிகுறி ஏற்பட்டதாகச் சொன்னவர்களிடம் மட்டுமல்லாமல், தமக்கு ஒன்றுமே நேரவில்லை என்றவர்களிடமும் அப்படியே இருந்தது. பிறகு நடந்த ஆய்வில், நினைவு, கணக்கிடல் முதலான சில தேர்வுகளில் விமானிகளின் மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்ததும் தெரியவந்தது. ஏவுகணை எப்போதோ ஒருவரைத் தாக்குகிறது; காற்றின் மெலிவோ ஒவ்வொரு பறப்பிலும் ஓட்டுபவரைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. பறக்கத் தகுதியில்லை என்று தரையில் உட்காரவைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் விமானிகள் பலர் வலியை மருத்துவரிடம் சொல்வதில்லை என்பதைக் கேட்டபோது, டிரெஸர் ஐயா, ஒரு நாள் கூலி போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்துக்கொண்டு காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) வந்து நின்றவர்களைத் தாம் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. மண்டபத்தில் எவருக்கும் விளக்கம் தேவைப்படவும் இல்லை.

பேருந்து நிலையத்தருகே கடை வைத்திருக்கும் சீன நண்பர், தைவான் விமானிகளைப் பற்றிய செய்திகளைத் தம் மொழியிலிருந்து எங்களுக்குச் சொல்லித் தந்தார். சீனப் பெருநிலத்தின் மேலே வேவு பார்த்த, கரும்பூனை எனப் பெயர் கொண்ட அவர்களது அணியின் ஐந்து யு-2 விமானங்கள் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டன, மூவர் மாண்டனர், பிடிபட்ட யே சாங்-டியும் சாங் லி-யியும் 1982இல் விடுவிக்கப்பட்டபோது சொந்த அரசே அவர்களை ஏற்க மறுத்ததால் 1990 வரை தைவானுக்குத் திரும்ப முடியவில்லை. உயிர் பிழைத்தவருக்கும் இப்படியொரு தண்டனையா என்று நண்பர் கேட்டது நியாயமான கேள்வி.

கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது வந்த 1962 அக்டோபர் 27 என்ற ஒரே நாளுக்குத் தனிப் பலகை அமைத்துத் தந்த இரு கல்லூரி மாணவியருக்கும் நன்றி. அன்று கியூபாவின் மேலே அமெரிக்க விமானி ருடால்ஃப் ஆண்டர்சனின் யு-2 ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. சிதறல் அவருடைய அழுத்த உடையைத் துளைத்திருந்தது. அதே நாளில், இன்னொரு யு-2இல் வட துருவத்துக்குப் பறந்த சார்லஸ் மால்ட்ஸ்பி துருவ ஒளியால் வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்து, எரிபொருள் தீர்ந்து, வெறுமனே மிதந்து அலாஸ்காவில் இறங்கினார். பத்து மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் கால்கள் மரத்துப்போன அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கித்தான் வெளியே எடுத்தார்கள். இதற்கு நேர்மாறான செய்தியும் அங்கே இருந்தது: 1966 ஜனவரி 25 அன்று 78,000 அடிக்கு மேலே, ஒலியைவிட மூன்று மடங்கு விரைவில் எஸ்ஆர்-71 என்னும் அமெரிக்க வேவு விமானம் துண்டு துண்டானபோது, அழுத்த உடையின் புண்ணியத்தால் பில் வீவர் உயிரோடு தரையிறங்கினார்; உடன் சென்ற ஜிம் ஸ்வேயர் பிழைக்கவில்லை.

சிற்றுண்டி சமைத்துத் தந்த அக்காமார்களுக்கும், விமானிகள் பற்பசைக் குழாய் போன்றதில் அடைத்த உணவைத் தலைக்கவசத்தின் சிறு துளை வழியே உறிஞ்சுவதைக் கேட்டு அவர்கள் அடித்த நகைச்சுவைக்கும் நன்றி. 1956இல் ஒரு விமானி, எலுமிச்சை மிட்டாய் என்று எண்ணி, பிடிபட்டால் விழுங்கத் தரப்பட்டிருந்த சயனைடு வில்லையை வாயில் போட்டுவிட்டுச் சுவை இல்லாததால் துப்பிய செய்தியைக் கேட்டு அவர்களே சற்று நேரம் வாயடைத்துப் போனார்கள். களைக்கொல்லி தெளிக்கும் வேலையில் இருக்கும் ஓர் அக்கா, முகக்கவசத்துக்குள் மூக்கு அரித்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அந்த மாலையில் கேட்கப்பட்டவற்றுள் அனுபவத்திலிருந்து எழுந்த முதல்தரமான கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தார்க்கும், நாற்காலிகளை லாரியில் ஏற்றி இறக்கிய இளைஞர்களுக்கும், ஒலிபெருக்கி இரவல் தந்த பக்கத்துக் கம்பத்து அன்பர்களுக்கும், பலகைகளை அச்சிட்டுக் கூலி வாங்க மறுத்த கடைக்காரருக்கும் எங்கள் வணக்கம்.

ஆகாயப் படையில் சேர விண்ணப்பித்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், இதையெல்லாம் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தலாமா என்று நிகழ்ச்சிக்குப் பின் கேட்டார்கள். விமானத்தை மட்டும் காட்டி உடலை மறைப்பதைவிட இது மேல் என்பதே எங்கள் எண்ணம். தமக்கு வலித்தால் எவரிடம் சொல்ல வேண்டும் என்று அப்பிள்ளைகளில் ஒருத்தி பட்டர்வொர்த் ஐயாவிடம் தனியே போய்க் கேட்டதையும் அப்பெற்றோருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

பலகைகள் அனைத்தும் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் இம்மாத இறுதிவரை இருக்கும். பிற தோட்டங்களைச் சேர்ந்தவர்கள் கேட்டால் கொடுத்தனுப்ப அணியமாக உள்ளோம். செலவு போக மீதமான தொகையில், மூளைப் படங்கள் உள்ள பலகையைப் பெரிதாக மறுபடியும் அச்சிட முடிவு செய்திருக்கிறோம்.

நன்றியுடன்,
வாசகர் வட்டத்தின் சார்பில், செயலாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.