ஸ்டான்ஃபோர்டு விளையாட்டுத் துறைக்கு: இந்தக் கோச்சையாவது நான்கு ஆண்டு விட்டுவையுங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

நம் அமெரிக்கக் கால்பந்து அணியின் சீசன் நெருங்குகிறது. "இந்த வருஷம் எப்படி?" என்று கேட்பவர்களிடம் ஆறு வெற்றி என்று சொல்லி வைத்திருக்கிறேன். சிரிக்கிறார்கள். 2021 முதல் 2024 வரை நான்கு சீசனிலும் ஒரே கணக்கு: மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. 2025-இல் நான்கு வெற்றி, எட்டு தோல்வி. ஆறு ஜெயித்தால் சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி. நாம் கடைசியாக அங்கே போனது 2018-இல். ஆறு என்பது பேராசையா, சொல்லுங்கள்.

வெற்றிக் கணக்கை உங்களிடம் கேட்க முடியாது. கேட்கக்கூடியது ஒன்றுதான்: புதுத் தலைமைக் கோச் டவிட்டா பிரிட்சர்டை நான்கு முழு சீசன் அந்த வேலையில் இருக்க விடுங்கள்.

2022-இல் அணியில் சேர்ந்த ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். அப்போதைய கோச் டேவிட் ஷாவை நம்பி வந்தவன். அந்த சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த இரவே ஷா விலகினார். அடுத்து டிராய் டெய்லர். புது பிளேபுக் (ஆட்டத் திட்டங்களின் தொகுப்பு), புது சைகைகள். இரண்டு சீசன் ஆடி அதெல்லாம் பழகியபின், 2025 மார்ச்சில் டெய்லரும் போனார். அவரை நீக்கக் காரணம் இருந்தது, அதில் எனக்குச் சண்டையில்லை. ஒரே ஒரு சீசனுக்கு என்று சொல்லியே ஃபிராங்க் ரைக் வந்தார். பையன் இன்னும் அணியில் இருந்தால், பிரிட்சர்ட் அவனுக்கு நான்காவது கோச். முன்வரிசையில் நிற்பவன், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் கத்தும் ஒரு சொல்லைக் கேட்டதும் யாரைத் தடுப்பது என்று யோசிக்காமல் நகர வேண்டும். அந்தச் சொற்களே மாறிக்கொண்டிருந்தால் அரை நொடி தயங்குவான். அந்த அரை நொடியில் குவாட்டர்பேக் தரையில் கிடப்பான். அப்புறம் நாங்கள் பையனைத் திட்டுவோம். வீரர்கள் அணி மாறப் பதிவு செய்யும் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிக்குப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்கு ஆண்டு என்பது நானாகக் கற்பனை செய்த எண் அல்ல. 2006-இல் நாம் பன்னிரண்டில் ஒன்றுதான் ஜெயித்தோம். அடுத்து வந்த கோச் ஜிம் ஹார்பாவின் முதல் சீசன் நான்குக்கு எட்டு, இரண்டாவது ஐந்துக்கு ஏழு. இன்றைய பொறுமைக்கு அங்கேயே அவர் சீட்டைக் கிழித்திருப்பீர்கள். நான்காவது சீசனில் பன்னிரண்டு வெற்றி, ஒரே தோல்வி, ஆரஞ்சு பவுல் கோப்பை.

ஹார்பாவின் அந்த முதல் சீசனில், நாம் 41 புள்ளி வித்தியாசத்தில் தோற்போம் என்று கணிக்கப்பட்டிருந்த ஆட்டத்தில், யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணியை அவர்கள் ஊரிலேயே 24-23 என்று வென்ற குவாட்டர்பேக் இந்த பிரிட்சர்ட்தான். பிறகு குவாட்டர்பேக்காக அவர் இடத்தைப் பிடித்த ஆண்ட்ரூ லக்தான் இப்போது அணியின் பொது மேலாளர்; அவரே பிரிட்சர்டைத் திரும்ப அழைத்து வந்திருக்கிறார். இதைவிடப் பொருத்தம் யாரிடம் தேடுவீர்கள்?

பொருத்தம் பார்ப்பதில் உங்கள் திறமையும் தெரிந்ததே. மலையைத் தாண்டினால் பசிபிக் கடல். நாம் ஆடுவதோ அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில். 2024 செப்டம்பரில் ஒரு வாரம் சிரக்யூஸில் ஆட்டம், மறு வாரம் கிளெம்சனில். இரண்டு முறை நாட்டின் குறுக்கே பறந்துவிட்டு வந்து வகுப்பிலும் உட்கார வேண்டும். தொலைக்காட்சிப் பணத்தில் பழைய உறுப்பினர்களைவிடக் குறைந்த பங்குக்கு ஒப்புக்கொண்டுதான் இந்தப் பாக்கியத்தைப் பெற்றோம். விமான நிறுவனங்களாவது நம் ரசிகர்களாக இருப்பார்கள்.

சரி, அது முடிந்த கதை. கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் ஒரு வெற்றி, ஐந்து தோல்வி என்று நாம் நிற்கலாம். பாதி அரங்கம் காலியாக இருக்கலாம். நன்கொடையாளர்கள் போன் செய்து பெயர்கள் சொல்லலாம். அப்போதும் பிரிட்சர்டை மாற்றாதீர்கள். முதல் ஆட்டத்துக்கு முன்பே இதைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டால், சேரலாமா என்று யோசிக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். தயவுசெய்து 2029 சீசன் முடியும்வரை பொறுங்கள்.

இப்படிக்கு,
ஆறு வெற்றி என்று சொல்லி மாட்டிக்கொண்ட ரசிகன்