டப்பாவில் பன்னிரண்டு மணி நேரம், ஏரியில் இரண்டு

நம் கடைக்கு வந்துபோகிற எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மடல் எதற்கு என்று உங்களில் பாதிப் பேருக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த ஆடியோவை எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள், ஏழாவதாக அனுப்பியவர் என் சொந்த மச்சான், கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மிடம் நெற்றி லைட் வாங்கிய வாடிக்கையாளர் ஒருவர், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போன இடத்தில், உறைந்த ஏரியின் நடுவில், இருட்டில், பல் தந்தியடிக்கப் பேசுகிறார்: "பன்னெண்டு மணி நேரம் எரியும்னு சொல்லித்தான் வித்தாரு, ரெண்டு மணி நேரத்துல செத்துப்போச்சு, புது டப்பாவுக்குள்ள பழைய பேட்டரியப் போட்டு விக்கிறாங்க, யாரும் அங்க போயிடாதீங்க." மொத்தமே நாற்பது வினாடி.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரி, முதல் இரண்டு நாள் இருந்தது. ஆனால் பனிக்கட்டி மேல் நிற்கும்போது நெற்றி லைட் அணைவது சின்ன விஷயம் இல்லை. நாம் துளைத்த துளை எங்கே, பக்கத்து ஆள் துளைத்துவிட்டுப் போன துளை எங்கே, தூண்டில் எங்கே கிடக்கிறது, கரை எந்தப் பக்கம், எதுவும் தெரியாது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் கடைக்காரனைத்தான் திட்டுவார்கள்.

முதல் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். டப்பாவில் பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பது பொய் இல்லை, ஆனால் அது ஏரிக்கான கணக்கு இல்லை. டார்ச், நெற்றி லைட் தயாரிப்பவர்கள் பலரும் 2009-இல் வந்த எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவுகோலின்படி சோதித்துத்தான் அந்த எண்களை அச்சடிக்கிறார்கள். சோதனை நடப்பது ஒரு சாதாரண அறையின் வெப்பநிலையில். லைட்டைப் போட்டு முப்பது வினாடி கழித்து எவ்வளவு வெளிச்சம் இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள், அது பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் ஓடுகிற நேரம்தான் டப்பாவில் வரும் நேரம். அதாவது 300 லூமெனில் (லைட் வெளியே விடுகிற வெளிச்சத்தின் அளவு அது) தொடங்கிய லைட் 30 லூமெனுக்கு இறங்கி வந்துகொண்டிருக்கும்போதும் கணக்கில் "எரிந்துகொண்டுதான்" இருக்கிறது. தூரத்துக்கும் இதே கதை. 100 மீட்டர் என்று போட்டிருந்தால் அங்கே போய்ச் சேருகிற வெளிச்சம் கால் லக்ஸ், ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். அங்கே ஒரு மான் நிற்கிறதா மரக்கட்டை கிடக்கிறதா என்று சொல்ல உங்கள் கண்ணுக்கு நல்ல அதிர்ஷ்டம் வேண்டும்.

இதையெல்லாம் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கல்லாவில் நின்றுகொண்டு "கவலையே படாதீங்க, ராத்திரி முழுக்க எரியும்" என்று சொன்னது நான்தான், கடைப் பையன்கள் இல்லை.

அடுத்தது குளிர். எல்இடி பல்புக்குக் குளிர் பிடிக்கும், சூடு ஏறாததால் கொஞ்சம் நன்றாகவே எரியும். உயிரை விடுவது பேட்டரி. நாம் டப்பாவோடு கொடுக்கிற சாதாரண அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது தண்ணீர் கலந்த ரசாயனம், குளிரக் குளிர அதற்குள் மின்சாரம் நகர்வதே திணறலாகிவிடும். சக்தி உள்ளேதான் இருக்கும், வெளியே வராது. லைட்டோ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மங்கி, அப்புறம் அணைந்துவிடும்.

ஆடியோ வந்த அன்று இரவே இதை வீட்டில் செய்து பார்த்தேன், மனைவி சமையலறைக்குள் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ஒரே மாதிரி மூன்று லைட். ஒன்று சாப்பாட்டு மேசையில் அல்கலைனோடு. இரண்டாவது அதே அல்கலைனோடு ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில். மூன்றாவதும் ஃப்ரீசரில்தான், ஆனால் லித்தியம் பேட்டரியோடு. மூன்றும் ஒரே அளவு வெளிச்சத்தில். ஒன்றரை மணி நேரத்தில் ஃப்ரீசரில் இருந்த அல்கலைன் லைட், உள்ளே இருந்த பட்டாணிப் பொட்டலத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் ஊதுபத்தி நுனி மாதிரி ஒரு புள்ளிதான் மிச்சம். காலையில் எழுந்து கதவைத் திறந்தால் லித்தியம் போட்டது பளிச்சென்று முகத்தில் அடிக்கிறது. மேசையில் இருந்ததும் எரிந்துகொண்டுதான் இருந்தது, கொஞ்சம் சோர்ந்து.

இனி என்னை உண்மையிலேயே சுட்ட விஷயத்துக்கு வருகிறேன். பழைய பேட்டரி.

எத்தனையோ சொல்லலாம் என்னைப் பற்றி. விலை பேசமாட்டான், சிரிக்கமாட்டான், மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான், எல்லாம் உண்மை. ஆனால் பழைய பேட்டரியைப் புது டப்பாவில் போட்டு விற்றேன் என்றால் அது திருட்டு, கடை வைத்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. நடந்தது இதுதான். அவர் மறுநாள் காலை நேராகக் கடைக்கு வந்தார், லைட்டைக் கண்ணாடி மேசை மேல் டொக்கென்று வைத்தார், நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சத்தமாகவே பேசிக்கொண்டோம். ராத்திரி முழுக்க அது வண்டியின் பின்பக்கம் கிடந்திருக்கிறது. கடைக்குள் ஹீட்டர் ஓடுகிறது. பேசப் பேச அந்த லைட்டின் மேல் முத்து முத்தாக நீர் வேர்த்தது, தலையில் மாட்டுகிற பட்டை நனைந்து மேசையில் ஒரு சின்னக் குளம் கட்டியது. அரை மணி நேரம் ஆகியிருக்கும், அவர் பொத்தானை வெறுப்போடு ஒரு தட்டுத் தட்டினார். எரிந்தது. அவர் முகத்துக்கு நேராகவே எரிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தோம், மூன்று பேட்டரியிலும் பாதிக்கு மேல் உயிர் இருந்தது. பேட்டரி மேலேயே எந்த ஆண்டு வரை நல்லது என்று அச்சடித்திருக்கும், அதையும் அவரிடமே படிக்கச் சொன்னேன், இன்னும் எட்டு வருஷம் இருந்தது. டப்பாக்கள் எங்களுக்கு வருவதே பிளாஸ்டிக் உறை போட்டுத்தான், அதைப் பிரிப்பது நீங்கள்தான். அலமாரியில் இருந்த பதினான்கு டப்பாவை அவர் முன்னாலேயே இறக்கி வைத்தேன், எதை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள் என்று. அவர் மூன்று பிரித்தார், அப்புறம் போதும் என்றார்.

அவரும் நல்ல மனிதர்தான், போகும்போது "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அந்த ஆடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, இந்த "அண்ணே"வை யாரும் பதிவு செய்யவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏரிக்குப் போகிறவர்கள் என்ன செய்யலாம்? ஏஏ, ஏஏஏ அளவு பேட்டரி போடுகிற லைட் என்றால் லித்தியம் பேட்டரி வாங்குங்கள், சார்ஜ் ஏற்றாத வகை. மைனஸ் 40 வரைக்கும் வேலை செய்யும், எடையும் குறைவு, ஏஏ ஒன்று 15 கிராம்தான், அல்கலைன் 23 கிராமுக்குக் குறையாது. நாலைந்து மணி நேரம் நெற்றியில் சுமந்து குனிந்து துளையைப் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கழுத்தில் தெரியும். அதைவிட நான் விரும்புவது, பேட்டரிப் பெட்டி தனியாக, வயரோடு வருகிற வகை. பெட்டி கோட்டுக்குள் உடம்புச் சூட்டில் இருக்கும், நெற்றியில் பல்பு மட்டும். சார்ஜ் ஏற்றுகிற லித்தியம் அயன் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யக்கூடாது: கூடாரத்துக்குள் சில்லென்று இருக்கிற லைட்டை அப்படியே பவர் பேங்கில் சொருகுவது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும், அந்த இழப்பு திரும்பி வராது. முதலில் அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள், யாரும் பார்க்கமாட்டார்கள்.

மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. "லைட் புகையா அடிக்குது" என்று நாலு பேர் திருப்பிக் கொண்டுவந்தீர்கள். அது லைட்டின் கோளாறு இல்லை, உங்கள் மூச்சு. நெற்றியிலிருந்து போகிற வெளிச்சம் வாயிலிருந்து வருகிற ஆவியில் பட்டுக் கண்ணிலேயே திரும்பி அடிக்கிறது. வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் கழற்றி நெஞ்சிலோ இடுப்பிலோ மாட்டுங்கள். சுற்றிலும் வெண்பனி இருக்கிற இடத்தில் 100 லூமெனே தாராளம். ஆயிரம் லூமென் கேட்டு வருகிறவர்களிடம் நான் விற்கத் தயங்குவதற்கு இதுதான் காரணம், சரக்கு இல்லாததால் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்புறம், லைட் உதவுவது காலடி பார்க்கத்தான். பனிக்கட்டியின் கனம் அதில் தெரியாது, துளைத்துத்தான் அளக்கவேண்டும். ஆள் நடக்க, தெளிவான புதுக்கட்டி குறைந்தது நாலு அங்குலம் என்பார்கள், வெள்ளைக்கட்டியாக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு.

வேட்டைக்குப் போகிறவர்களுக்குச் சிவப்பு லைட் ஏன் என்று அடிக்கடி விளக்கியிருக்கிறேன். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு தடவை வெள்ளை லைட்டைப் போட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. மங்கலான சிவப்பு அதை அதிகம் கெடுக்காது. மானுக்கும் சிவப்பு சரியாகத் தெரியாது, அதன் கண்ணில் அந்த நிறத்துக்கான செல்லே இல்லை. விடியுமுன் பரண் வரை நடந்து போக அது போதும். ஆனால் அடிபட்ட மானின் ரத்தத் தடத்தைத் தேடும்போது மட்டும் வெள்ளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போன சீசனில் ஒருவர் சிவப்பு வெளிச்சத்திலேயே பனியில் ஒரு மணி நேரம் தேடிவிட்டு வெறும் கையோடு வந்தார். சிவப்பில் வெண்பனியும் சிவப்பு, ரத்தமும் சிவப்பு, காலுக்கடியில் இருந்தாலும் தெரியாது. அதற்கும் கடைதான் காரணம் என்றார், நல்லவேளையாக ஆடியோ போடவில்லை. ராத்திரியில் லைட் காட்டி மானைச் சுடுவதற்கென்று கேட்டு வருகிறவர்கள் மன்னிக்கவும், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், அதற்கென்று நான் எதையும் எடுத்துக் காட்டமாட்டேன்.

பழுது பார்க்கும் பகுதியில் தாமதம் ஆவதையும் கேட்டிருந்தீர்கள். பதினோரு வருஷம் எங்களோடு இருந்த தம்பி போன மாதம் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போய்விட்டார், நன்றாக இருக்கட்டும். தண்ணீர் புகாமல் இருக்க மூடிக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, அதை மாற்றி கிரீஸ் தடவுவதை அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடுக்கியை இரண்டு தடவை கீழே போட்டுவிட்டுத்தான் செய்கிறேன். பழகிவிடும். அதுவரை பழுதுக்குச் சனிக்கிழமை மட்டும் கொண்டுவாருங்கள்.

சரக்கு வரும் செலவும் ஏறிவிட்டது. லித்தியம் அயன் பேட்டரியைத் தனியாக அனுப்பினால் பயணிகள் விமானத்தில் ஏற்றக்கூடாது என்று 2016 ஏப்ரலிலிருந்தே விதி இருக்கிறது, சரக்கு விமானம் இல்லையென்றால் கப்பல், இரண்டிலும் இப்போது கேட்கிற கட்டணத்தைச் சொன்னால் நீங்களே உட்கார்ந்துவிடுவீர்கள். அதையொட்டி அடுத்த மாதம் முதல் விலையில் பத்து சதவீதம் கூடும், பேட்டரிக்கு இருந்த ஒரு வருஷ உத்தரவாதம் மூன்று மாதமாகும்.

இந்தக் குளிர்காலத்தில் நம்மிடம் ஏஏ, ஏஏஏ லைட் வாங்கிய எல்லாருக்கும் லித்தியம் பேட்டரி ஒரு செட் கடைச் செலவில் தருகிறோம். ஆடியோ போட்ட அண்ணனுக்கும் உண்டு, அவருக்கு முதல் செட்டை எடுத்து வைத்தாயிற்று. இதற்கு நடுவில் என்னைத் தப்பாகப் பேசியவர்களுக்கு மறுபேச்சு பேசி, "அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று சொன்னவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் நேரில் சொல்ல வராது, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ரொம்ப நன்றி. ஆடியோ வந்த அந்த முதல் இரண்டு நாள் கடைக்குள் ஒரு ஈ காக்கை இல்லாதபோது, வேண்டுமென்றே வந்து ஒரு பட்டையோ தூண்டில் முள்ளோ வாங்கிக்கொண்டு போனீர்களே, அதை மறக்கமாட்டேன்.

ரசீது தொலைந்திருந்தால் பரவாயில்லை, லைட்டை எடுத்து வந்தால் போதும். மத்தியானம் இரண்டு மணிக்கு மட்டும் வராதீர்கள்.