வீட்டுத்தோட்டச் சங்கம்: 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம். கூட்டத்துக்குத் தேவையான ஆட்தொகை (கோரம்) இல்லாவிட்டால் அரை மணித்தியாலம் பொறுத்து, இருக்கிறவர்களோடு கூட்டத்தை நடத்தலாம் என்று எமது யாப்பு சொல்கிறது. அந்த அரை மணித்தியாலம் இப்போதுதான் கழிந்தது.

நிர்வாகசபைக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. தையில் பொங்கினோம். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்து தென்னையில் வெள்ளை ஈ பற்றி விளக்கினார். கத்தரி, பயிற்றை, வெண்டி விதைகள் பரிமாறப்பட்டன.

இனி முற்றத் திட்டம், அதாவது மரம் நடமுன் வளவைத் தாளில் கீறிப் பார்ப்பது. இது செயலாளரின் பிடிவாதம் என்று சிலர் கதைப்பது காதில் விழுந்தது. இருக்கட்டும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியோடு சரி. நாம் கிணற்றில் அள்ளுவது சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர். அது கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் உவர் எவ்வளவு ஏறும் என்பதை அங்கத்தவர்களே பார்த்துக்கொள்ளலாம். நாங்களோ வெளிநாட்டுக் காசு வந்ததும் வேலியைப் பிடுங்கி மதில் கட்டுகிறோம், பிறகு கேற்றிலிருந்து வீட்டின் பின்கோடி வரைக்கும் நிலத்தை மூடி இன்ரலொக் கல் பதிக்கிறோம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் 2,300 லீற்றருக்கு மேல் தண்ணீர் விழும். அதில் ஒரு செம்பு கூட வளவுக்குள் இறங்குவதில்லை. கார்த்திகை (நவம்பர்) கடைசியில் பெங்கல் புயல் மழைக்கு ஒழுங்கை நிரம்பிக் குசினிகளுக்குள் வெள்ளம் போனபோது, வாய்க்கால் சரியில்லை என்று யார் யாரையோ திட்டினோம். அந்தத் தண்ணீரில் பாதி எங்கள் கேற்றடியால் போனதுதான்.

ஆகவே, கன்று வாங்க முதல் கட்டத்தாள் வாங்குங்கள் என்பதே திட்டம். தாளில் வீடு, கிணறு, மலசலகூடக் குழி, மின்கம்பி எல்லாவற்றையும் கீறுவது. மழைக்குள் குடையோடு நின்று தண்ணீர் ஓடும் பக்கத்துக்கு அம்புக்குறி போடுவது. பின்னேர வெயில் சுவரைச் சுடுகிற மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்பு. தென்னைக்குத் தென்னை 25 அடிக்குக் குறையக்கூடாது, ஓட்டுக்கு மேலே சாயும் இடமும் வேண்டாம். முருங்கைக் கொப்பு சோளகக் காற்றுக்கு முறியும், அதை மின்கம்பிக்குக் கீழே வைக்கக்கூடாது. கிணற்றடி வாய்க்காலில் வாழையும் கரையில் கறிவேப்பிலையும் வைக்கத் தாள் தேவையில்லை, அம்மம்மாமார் செய்துவந்ததுதான். அத்திவாரத்தை ஒட்டிப் பலா வைத்தவர்கள் கையுயர்த்த வேண்டாம், ஆர் ஆர் என்று எனக்குத் தெரியும்.

தொடக்கமாக, அங்கத்தவர் ஒருவரின் இரண்டு பரப்பு வளவில் கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுக்கன்றுக்கு மூன்றடிக் குழி வெட்டினோம். ஓரடி போகமுன் அலவாங்கு ணங்கென்றது. கல்லைக் கிளப்பி, அடியில் தேங்காய்ப் பொச்சை மல்லாக்க அடுக்கி, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்ப மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டுக்கார ஆச்சி, “தம்பி, இதில பழம் தின்ன நான் இருப்பனோ?” என்று கேட்டார். ஒட்டுக்கன்று, மூன்று நாலு வருடத்தில் காய்க்கும் என்றேன். “அப்ப சந்தாவையும் காய்க்கேக்க தாறன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பொருளாளரைத் தவிர.

சங்கம் இலவசமாகக் கீறிக்கொடுத்த இன்னொரு படத்தைச் சில மாதம் கழித்துக் கண்டேன். அதன் பின்பக்கத்தில் கொன்கிறீற் வேலைக்கான சீமெந்து, மணல், கூலிக் கணக்கு எழுதியிருந்தது. மாமரம் வரவேண்டிய இடத்தில் இப்போது வாகனம் நிற்கிறது. பெயர் சொல்வது முறையல்ல. அவர் இன்றைக்கு வரவுமில்லை. கல்லே பதிக்கவேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. சில்லு ஏறுகிற இரண்டு பட்டைக்குப் பதியுங்கள், மிச்சம் மண்ணாகக் கிடக்கட்டும். கூரைத் தண்ணீரை, மலசலகூடக் குழிக்கு எட்டத்தில், சல்லி நிரப்பிய கிடங்கொன்றுக்குள் விடுங்கள். எல்லைக்கு மாரியில் கிளுவைத் தடி ஊன்றினால் சீமெந்துச் செலவுமில்லை, ஆட்டுக்குக் குழையும் கிடைக்கும்.

சந்தா மாதம் 50 ரூபா. அந்தக் காசுக்கு இன்றைக்கு ஒரு ரோல்சும் வராது. இருந்தும் பதிவேட்டில் உள்ளவர்களில் பாதிக்கு மேல் நிலுவை. பள்ளிக்கூட வளவுச் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வந்தவர்கள் நாங்கள் வழமையான ஆட்கள்தான். ஆனால் அன்றைய படத்துக்கு வட்ஸ்அப்பில் கைகூப்பியவர்களோ ஏராளம். கைகூப்பியவர்களின் பட்டியலையும் நிலுவைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேற்கொண்டு சொல்லவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஒட்டிப் போயின, கையிருப்பு கொஞ்சம் உண்டு. கட்டத்தாள், அளவுநாடா, மண்வெட்டிப் பிடி என்று செயலாளர் கையால் போன சில செலவுகள் இன்னும் கணக்கில் ஏறவில்லை. அதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை.

மண்டபம் தந்த சனசமூக நிலையத்தினருக்கும், எரு தந்த மாட்டுக்காரருக்கும், தலைவருக்கும், நிர்வாகசபைக்கும் நன்றி.

அடுத்த நடுகை ஐப்பசி மழைக்குத்தான். படம் கீறுவதற்கு இந்தக் கோடை தோதானது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கழிந்த கார்த்திகையில் எல்லோரும் முழங்கால் மட்டத்தில் பார்த்தாயிற்று. கேட்டவர்களின் வளவுப் படங்களில் இன்னும் கீறி முடியாதவை என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. செயலாளர் பதவியில் தொடரவேண்டும் என்ற அவா எனக்கில்லை. புதியவர் முன்வந்தால் திறப்போடு ஒப்படைப்பேன். அவர் ஓய்வூதியம் பெறுபவராக, சைக்கிள் வைத்திருப்பவராக, அலவாங்கு பிடிக்கத் தெரிந்தவராக, வீட்டுக்காரரின் கோபத்தைப் பொறுப்பவராக இருந்தால் நல்லது. அப்படியொருவர் கிடைக்காவிட்டால் சபை என்ன முடிவெடுத்தாலும் கட்டுப்படுவேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன். நிலுவைப் பட்டியல் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. வடையும் தேநீரும் அதே மேசையில்தான்.

செயலாளர்