கண் திறந்ததும் வந்த முதல் நினைவு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. நாலு பக்கம், கையெழுத்தில். கனடா ஸ்காபரோவிலிருந்து முத்திரை ஒட்டின கடிதம் இன்னும் வருகிறதா என்று தபால் கொண்டுவந்த தம்பி படலையில் நின்று கேட்டான். விறாந்தையில் இருந்து இரண்டு தரம் வாசித்துவிட்டு, மூன்றாம் தரம் இவளுக்கும் வாசித்துக் காட்டினேன். உன் முழங்கால் நோ குறைந்தது என்றது பெரிய ஆறுதல். தங்கச்சிக்குச் சுகம் கேட்டதாகச் சொல்லு.

ஊரில் கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. மத்தியானத்தில் வெளியில் கால் வைக்க ஏலாது, மண் அப்படிக் கொதிக்கிறது. கடல் மட்டும் குளம் மாதிரிக் கிடக்கிறது. ஆடி அமாவாசைக்கு விரதம் பிடித்து, அப்பாவையும் அம்மாவையும் நினைத்துக் கடலில் தோய்ந்துவிட்டு, கோட்டைக்குள்ளால் நடந்து கோணேசரிடம் போய் வந்தேன். மான்கள் ஆட்களுக்குப் பயப்படுகிறதே இல்லை, அருச்சனைத் தட்டில் மூக்கை வைக்கின்றன. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தேன். படிக்கிற காலத்தில் நீயும் நானும் நின்று பார்த்த அதே நீலம்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுதத் தொடங்கினதே அதற்காகத்தான்.

பத்து நாள் மௌனப் பயிற்சியில் ஆறாம் நாள் பின்னேரம் நினைப்பே இல்லாமல் போய், உடம்பு முழுக்கத் தேன் வார்த்த மாதிரி ஒரு சுகம் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் விடியப்புறம் எழும்பித் தியானத்தில் இருந்தும் அது திரும்ப வரவில்லை. ‘எங்கேயோ பிழை விடுகிறேன், நீ கன காலமாக இருக்கிறவன், சொல்லு’ என்று கேட்டிருக்கிறாய். எனக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதை இவளுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

2018இல் கிளினிக்கில் பிரஷர் கூட என்று சொன்ன நாளிலிருந்து நான் இருக்கிறேன். விடிய நாலரைக்கு, விறாந்தையில், பாய் போட்டு. முதலில் கொஞ்ச நேரம் நாடிசுத்தி: ஒரு மூக்கால் நாலு எண்ணி இழுத்து, மற்ற மூக்கால் எட்டு எண்ணி விடுகிறது. திருமூலரின் கணக்கு வேறு. இழுக்க 16 மாத்திரை நேரம், அடக்க 64, விட 32. பிரஷர் உள்ளவன் அந்த 64ஐ நெருங்கவே கூடாது என்று எனக்குப் பழக்கித் தந்த ஐயா முதல் நாளே கண்டித்துச் சொல்லிவிட்டார். உனக்கும் பிரஷர் குளிசை இருக்கிறபடியால் இதைக் கட்டாயம் எழுதுகிறேன், மூச்சைப் பிடித்து வைக்காதே. நீட்டி விடுகிறதே போதும். மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சுத் துடிப்புக் கொஞ்சம் கூடும், வெளியே வரும்போது குறையும். மூளையிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிற வேகஸ் நரம்பின் வேலை அது. விடுகிற மூச்சை நீட்ட நீட்ட உடம்பு தானாக அடங்கும். உடம்பு அடங்கினால்தான் மனம் கிட்டவாவது வரும்.

போன மாசியில் ஒரு நாள். மாரி விட்டு, வாடைக்காற்றும் தணிந்த காலம். மூச்சு மெலிந்து மெலிந்து, வருகிறதா போகிறதா என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த வீட்டுக் கிணற்றில் கப்பி கிறீச்சென்றது. தூரத்தில் வள்ளங்கள் வெளிக்கிடுகிற சத்தம். எல்லாம் கேட்டது மச்சான், ஆனால் ‘இது கப்பி’, ‘இது எஞ்சின்’ என்ற சொல் எழவில்லை. சத்தம் வந்தது, இருந்தது, போனது. அதைப் பிடித்துப் பெயர் வைக்க உள்ளே ஒருவரும் இல்லை. பிறகு நெஞ்சுக் குழியிலிருந்து ஒரு இனிப்பு ஊறத் தொடங்கியது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை, இனிப்புத்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைச் சட்டை நனைந்த பிறகுதான் அறிந்தேன். கண்ணைத் திறந்தபோது சுவரில் வெயில் ஏறியிருந்தது.

கண் திறந்ததும் வந்த முதல் நினைவு என்ன தெரியுமா? ‘அவன் இன்னும் அந்தக் கதியாலைப் பிடுங்கி நடவில்லை.’

என் தம்பியைத்தான் சொல்கிறேன். தம்பலகாமத்து வளவு உனக்குத் தெரியும், எத்தனை நாள் வந்து மாங்காய் தின்றிருக்கிறாய். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் அவன் நடு வேலியின் கதியால் தடிகளைப் பிடுங்கி என் பக்கம் இரண்டு முழம் தள்ளி நட்டுவிட்டான். நான் கேட்டேன், அவன் ஏசினான், நானும் ஏசினேன். 2021இல் அம்மா போனா. முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தி உண்டாக்கின ஊற்றுகள் என்று சின்ன வயதில் அம்மாவே எங்களைக் கூட்டிப்போய்ச் சொன்ன இடம். ஏழு கிணறு, கிட்டக் கிட்ட, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. அவன் ஒரு கிணற்றில் அள்ளி வார்த்தான். நான் இன்னொன்றில் அள்ளி வார்த்தேன். ஒரு தாயின் பிள்ளைகள் இருவர் கை எட்டும் தூரத்தில் நின்று, முகம் பார்க்காமல் தலை முழுகிவிட்டு வந்தோம். அதன் பிறகு பேச்சில்லை.

அந்த வேலிதான் அன்றைக்கு என் இனிப்புக்குப் பின்னால் காத்துக்கொண்டு இருந்தது.

ரமண மகரிஷி ஒரு கதை சொல்வார். கங்கைக் கரையில் ஒரு யோகி தவத்திலிருந்து எழுந்தார். தாகம். சீடனைத் தண்ணீர் மொண்டு வரச் சொன்னார். அவன் வருவதற்குள் திரும்பவும் நிட்டையில் ஆழ்ந்துவிட்டார். நூற்றுக்கணக்கான வருடம் கழிந்தது. சீடன் செத்துப் போனான், ராச்சியங்கள் மாறின, கங்கையே தடம் மாறி ஓடியது. யோகி கண் விழித்தார். வாயில் வந்த முதல் சொல்: ‘தண்ணீர் எங்கே?’ எந்த நினைப்போடு அமிழ்ந்தாரோ அதே நினைப்போடு எழுந்தார். இதை மகரிஷி இலயம் என்பார். அவர் பாடின உபதேச உந்தியாரில் 13ஆம் பாட்டு இதுதான்: மனம் ஒடுங்குவது இரண்டு வகை, இலயம், நாசம். இலயித்தது திரும்ப எழும். மாய்ந்தது எழாது.

இந்தப் பாட்டை எனக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். பொருளும் சொல்லுவேன். அன்றைக்கு விறாந்தையில் நனைந்த சட்டையோடு இருந்தபோதுதான் அது என்னைப் பற்றின பாட்டு என்று உறைத்தது.

உன்னைப் போல நானும் ஒரு மாதம் அந்த இனிப்பைத் தேடினேன். அதே பாய், அதே நேரம், முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டேன் என்றுகூட யோசித்து அதையே சாப்பிட்டேன். வரவில்லை. வருமா வருமா என்று வாசலில் நிற்கிற நினைப்பு இருக்கிறதே, மற்ற எல்லா நினைப்பையும் விட அது தடிப்பானது. பிறகு பதஞ்சலியின் யோக சூத்திரத்தை எடுத்து முதலிலிருந்து படித்தேன். சித்தத்தின் விருத்திகள், அதாவது மனதின் ஓட்டங்கள், அடங்குவதே யோகம் என்று இரண்டாவது சூத்திரத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்த விருத்திகள் ஐந்தில் நித்திரையையும் ஒன்றாக எண்ணுகிறார் என்பதை நான் இவ்வளவு காலம் கவனிக்கவே இல்லை. நினைப்பு ஓடாமல் இருப்பது மட்டும் கணக்கென்றால் ஆழ்ந்த நித்திரையும் யோகமாகிவிடும். அவர் அதை ஏற்கவில்லை. ஆனந்தத்தையும் கடைசியில் வைக்கவில்லை, வழியில் வருகிற ஒரு நிலையாகத்தான் வைக்கிறார்.

அதே முதல் பாதத்தில் 33ஆவது சூத்திரம். சுகமாக இருப்பவனிடம் நட்பு, துக்கப்படுகிறவனிடம் இரக்கம், நல்லது செய்பவனைக் கண்டு மகிழ்ச்சி, கெட்டது செய்பவனைப் பொருட்படுத்தாமை. இந்த நாலாலும் சித்தம் தெளியும். அவர் சொல்லும் யோகத்தின் எட்டு அங்கத்தில் கண்ணை மூடி இருக்கிற தியானம் ஏழாவது. முதலாவது இயமம் என்ற ஒழுக்கம், அதற்குள் ஒன்று அபரிக்கிரகம், தேவைக்கு மேலே பிடித்து வைக்காமை. வேலியைத் தள்ளிப் போட்டவன் தம்பி, அவன்தான் பிடித்து வைத்திருக்கிறான் என்று இருந்தேன். அவன் பிடித்தது இரண்டு முழ மண். அந்த இரண்டு முழத்தையும் மூன்று வருடமாக இரவு பகல் தலையில் வைத்திருந்தவன் நான்.

சும்மா இருந்தாலும் மூளை ஓய்வதில்லை என்று நீ எழுதின விஷயமும் இதோடு ஒத்துத்தான் வருகிறது. உடம்பு நிறையில் நூற்றுக்கு இரண்டுதான் மூளை, ஆனால் சும்மா கிடக்கும்போதும் உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. 2001இல் மூளை ஆராய்ச்சியாளர் மார்க்கஸ் ரேய்க்கிளும் கூட இருந்தவர்களும் அதற்கு ‘டிஃபோல்ட் மோட்’ என்று ஒரு பெயரே வைத்தார்கள்: ஒரு வேலையும் கொடுக்காத நேரத்தில் தானாக ஓடுகிற மூளையின் ஓட்டம். அதில் கூட ஓடுவது நேற்று நடந்தது, நாளைக்கு நடக்கப்போவது, எனக்கு அவன் செய்தது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமி ‘சும்மா இரு’ என்று அவ்வளவு பேருக்குச் சொன்னாரே, ஏன் அது அவ்வளவு கடினம் என்று இதைப் படித்தபோது விளங்கியது. சும்மா இருக்கிற நேரத்தில்தான் வேலிக் கதை ஓடத் தொடங்குகிறது.

பங்குனி கடைசியில் ஒரு நாள் பஸ் ஏறித் தம்பலகாமம் போனேன். சீனக்குடா தாண்டினதும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. வயல் வெட்டி முடிந்து தாள் மட்டும் நின்றது, கொக்குகள். படலையைத் திறந்தேன். தம்பி முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டு இருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்குத் தெரியாமலே நரைத்திருக்கிறான். எழும்பி நின்றான், வாய் திறக்கவில்லை. “கதியால் நட்ட இடத்திலேயே நிக்கட்டும் தம்பி, நான் அதுக்கு வரேல்ல” என்றேன். பஸ்ஸில் வேறு என்னவெல்லாமோ யோசித்து வைத்திருந்தேன், இது ஒன்றுதான் வந்தது. அவன் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் பின்பக்கம் போனான். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. செம்போடு வந்தான். “அம்மாட கிணத்துத் தண்ணிதான் அண்ணா. குடியுங்க” என்றான்.

குடித்தேன். கொஞ்சம் சவர்ப்பு, பிறகு இனிப்பு. சின்ன வயதில் இருந்த அதே ருசி. வெளிக்கிடும்போது அவன் பெண்சாதி ஒரு முட்டி தயிர் தந்தா. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வேலியைப் பற்றி இன்றைக்கு வரைக்கும் நாங்கள் கதைக்கவில்லை. கதைக்க ஒன்றும் இல்லை.

இப்போது என்ன நடக்கிறது என்று கேட்பாய். மாசியில் வந்தது திரும்ப வரவில்லை. சில நாள் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் ஒரு சின்ன வெளி தெரிகிறது, நாலைந்து மூச்சுக்குள் மூடிவிடுகிறது. சில நாள் அதுவும் இல்லை, மின்சார பில்லும் பேரப்பிள்ளையின் பரீட்சையும்தான். ஆனால் எழும்பும்போது கண்ணுக்கு முன்னால் கதியால் நிற்கவில்லை. முற்றத்து வேம்பு நிற்கிறது, அதைத்தான் பார்க்கிறேன்.

ஆகவே உனக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். ஆறாம் நாளைத் தேடாதே. அது பொய் என்று சொல்ல மாட்டேன், எனக்கு வந்ததும் பொய்யில்லை. அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கண் திறந்ததும் உனக்கு வந்த முதல் நினைவு எது என்று யோசித்துப் பார். கடிதத்தில் சுகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதின நீ அதை எழுதவில்லை. எனக்கு எழுத வேண்டாம். உனக்குத் தெரிந்தால் போதும். கதிரையில் இருந்து செய், முழங்காலை மடிக்காதே. இரண்டு மணித்தியாலம் வேண்டாம், அரை மணித்தியாலம் போதும். மிச்ச நேரத்தில் யாருக்காவது போன் எடு.

மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். அது மழைக்காலம், கடலும் கொந்தளிக்கும். மாசி கடைசியில் வந்தாயென்றால் வெயிலும் பதம், நிலாவெளிப் பக்கம் விடிய நடக்கலாம். தம்பலகாமத்துக்கும் ஒரு நாள் போவோம். நீ வருகிறாய் என்று தம்பிக்குச் சொல்லிவிட்டேன், மாமரம் இன்னும் நிற்கிறதா என்று நீ கேட்டதையும் சொன்னேன். நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம்.

பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்